ஒரு கைவண்டிக்கு மூன்று கார்

இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பெயரைப் பார்த்துக் கட்சி என்று நினைக்க வேண்டாம். 1934இல் தொடங்கப்பட்ட சாலைப் பொறியாளர்களின் அமைப்பு. சாலை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், வளைவு எவ்வளவு வளையலாம், வேகத்தடை எவ்வளவு உயரம் போகலாம் என்பதையெல்லாம் எழுதிவைக்கிறவர்கள் இவர்கள்தான். (எழுதியதை யாரும் படிப்பதில்லை என்பதற்கு நம் தெரு வேகத்தடைகளே சாட்சி.) 1990இல் இவர்கள் வெளியிட்ட 106ஆம் எண் வழிகாட்டியில் ஒரு சின்ன அட்டவணை உண்டு. ஒரு நகரச் சாலை எவ்வளவு வண்டிகளைத் தாங்கும் என்று கணக்கிடுவதற்கானது. ஒரு கவிதையைப் படிப்பதுபோல அதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

அதில் காரின் மதிப்பு ஒன்று. மற்ற எல்லாமே காரை வைத்து அளக்கப்படும். இருசக்கர வண்டி 0.5. சாலையில் அதன் கூட்டம் கூடினால் 0.75. ஆட்டோ 1.2இலிருந்து 2 வரை. பேருந்து 2.2, அல்லது 3.7. சைக்கிள் 0.4, இல்லையென்றால் 0.5. சைக்கிள் ரிக்‌ஷாவும் குதிரைவண்டியும் 1.5இலிருந்து 2. கைவண்டி 2, கூட்டம் கூடினால் 3. அதாவது பெரிய மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இழுத்துக்கொண்டு போகும் பெரியவர் ஒருவர் மூன்று காருக்குச் சமம். படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று, அவர் சாலையிலிருந்து பறித்துக்கொள்ளும் இடத்தின் அளவு. அவர் என்ன சுமக்கிறார் என்பதற்கு அங்கே பத்தி இல்லை.

நடந்து போகிறவருக்கு வரிசையே இல்லை.

விமர்சனம் என்றால் நாவலுக்கும் கவிதைக்கும் மட்டும்தானா? ஒரு பிரதியில் யாருடைய கண் வழியாகக் கதை சொல்லப்படுகிறது, யார் பேசுகிறார்கள், யார் பின்னணியில் அசையும் நிழலாக மட்டும் வருகிறார்கள் என்று பார்ப்பதுதானே நாம் செய்கிற வேலை. இந்த அட்டவணையின் கதைசொல்லி காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடிக்கு வெளியே தெரிவதெல்லாம் அவருக்கு எவ்வளவு இடைஞ்சல் என்பதே கதை. ஐம்பது பேர் உள்ள பேருந்தும் காலியான பேருந்தும் அவருக்கு ஒன்றுதான். நம் பாண்டி ஷேர் டெம்போவை ஆட்டோ வரிசையில் சேர்ப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே எட்டுப் பேர் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தாலும் அது இரண்டு கார் இடைஞ்சல். தனியாளாக ஏசி போட்டுக்கொண்டு போகும் கார், ஒன்றே ஒன்று.

பொறியாளர் நண்பர்கள் உடனே சண்டைக்கு வருவார்கள், தெரியும். அட்டவணை பொய் சொல்லவில்லை, அது இடத்தை அளக்கிறது, மனிதர்களை அளப்பது அதன் வேலையில்லை என்பார்கள். உண்மை. நடப்பவர்களுக்கு 2012இல் திருத்திய தனி வழிகாட்டியே இருக்கிறது. மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் 2017இல் வெளியிட்ட கொள்திறன் கையேட்டில் அவர்களுக்குத் தனி அத்தியாயம்கூட உண்டு. ஆனால் நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எதை அளக்கிறோமோ அதுதான் குறையும் அல்லது கூடும் என்பது எங்கள் தொழிலில் முதல் வருடமே அடிபட்டுத் தெரிந்துகொள்வது. ஒரு நிரலிடம் ‘காத்திருப்பு நேரத்தைக் குறை’ என்று சொன்னால் அது காத்திருக்கிறவர்களையே வெளியே தள்ளிவிட்டு, நேரம் குறைந்துவிட்டது என்று சந்தோஷமாக அறிக்கை கொடுக்கும். நிரலின்மேல் தப்பில்லை. கேட்டதைத்தான் கொடுத்தது.

அதே வழிகாட்டியில் இன்னொரு அட்டவணை இருக்கிறது. எனக்கு அதுதான் இன்னும் முக்கியம். இருவழியாக வண்டி ஓடும் இரண்டு தடச் சாலை. ஓரத்தில் வாசல்கள் கிடையாது, வண்டி நிறுத்தக் கூடாது, குறுக்கே கடப்பவர்கள் மிகக் குறைவு என்றால் மணிக்கு 1500 கார் அலகு போகலாம். ஓரத்தில் வாசல்கள் உண்டு, ஆனால் வண்டி நிறுத்தம் இல்லை என்றால் 1200. வீடும் கடையும் வாசல் திறந்து, வண்டிகள் நின்று, ஆட்கள் இஷ்டத்துக்குக் குறுக்கே கடந்தால் 900. ஆக, ஊர் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதன் விலை 600 கார் அலகு. நகரப் போக்குவரத்தில் உள்ளூர்த் தேவை, முழு நகரத் தேவை என்று நடக்கும் சண்டை முழுவதும் இந்த 1500க்கும் 900க்கும் இடையில் நடக்கிறது. அதில் உள்ளூர் கழித்தல் குறியோடுதான் உள்ளே நுழைகிறது.

இதைப் புதுச்சேரியில் வைத்துப் பார்க்க ஒரு காரணம், நான் இங்கே இருக்கிறேன் என்பதைத் தாண்டி, இந்த ஊர் திட்டம் போட்டுக் கட்டப்பட்டது. 1693இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் கட்டம் கட்டமாகத் தெரு வரைந்தார்கள். 1699இல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே தொடர்ந்தார்கள். 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும், மறுபடி எழுந்தது பெரும்பாலும் பழைய தெருக்கோட்டிலேயே. சுற்றி மதில், மதிலில் வாசல்கள். சென்னை வாசல், வழுதாவூர் வாசல், வில்லியனூர் வாசல், கடலூர் வாசல். ஒவ்வொன்றுக்கும் அது கொண்டுபோய்ச் சேர்க்கும் ஊரின் பெயர். உள்ளே தெரு தெருக்காரர்களுக்கு, வாசலுக்கு வெளியே சாலை வழிப்போக்கர்களுக்கு. மதில் போய் அந்தக் கோட்டில் புல்வார்டு வந்தது. வாசல் போய் சிக்னல் வந்தது.

தமிழர் பகுதித் தெருக்களில் அப்போது கட்டிய வீடுகளுக்கு இரண்டு அடுக்கு முகப்பு. சுவரோடு ஒட்டித் திண்ணை. அதற்கும் வெளியே, தெருவை ஒட்டி, மரத்தூண் நட்டுச் சாய்வாக ஓடு வேய்ந்த தாழ்வாரம். திண்ணை வீட்டுக்கு வருகிறவருக்கு. தாழ்வாரம் தெருவில் போகிறவருக்கு. அவர் யாராகவும் இருக்கலாம், வெயிலுக்கு ஒதுங்கலாம், மழைக்கு நிற்கலாம். ஒரு வீட்டுக்காரர் தன் செலவில் முகம் தெரியாத வழிப்போக்கனுக்கு நிழல் கட்டிக்கொடுத்திருக்கிறார். வரிசையாக எல்லா வீட்டிலும் தாழ்வாரம் இருந்தபோது தெரு முழுக்க நிழலிலேயே நடந்திருக்க முடியும். இப்போது மிஞ்சியிருப்பவற்றைக் கைவிரல் மடக்கி எண்ணிவிடலாம். வைசியாள் வீதியில் இன்டாக் முன்நின்று முகப்புகளைப் புதுப்பித்த வரிசையில் போய்ப் பார்த்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு புரியும். மற்ற தெருக்களில் தாழ்வாரம் இருந்த இடத்தில் சாக்கடை மூடியும், அதன்மேல் பைக்கும் நிற்கின்றன.

சாலை வழிகாட்டியின் மொழியில் தாழ்வாரத்துக்கு என்ன பெயர் தெரியுமா? பக்க உராய்வு.

இதுவரை படித்தவர்கள், இந்த ஆள் உள்ளூர்க் கட்சி என்று முடிவு செய்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பாண்டி ஒரு விசித்திரமான ஊர். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை, தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. விழுப்புரம் போகும் பேருந்தில் உட்கார்ந்தால் வில்லியனூர் நம்முடையது, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை மறுபடி நம்முடையது, வளவனூர் மறுபடி தமிழ்நாடு. வடக்கே கோட்டக்குப்பம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணை வைத்துச் சொல்லவே முடியாது, ஆனால் அது விழுப்புரம் மாவட்டம். இந்த ஊரில் ‘முழு நகரத்தின் தேவை’ என்று ஒரு அதிகாரி சொன்னால், எந்த நகரம் சார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பாண்டியின் சாலைகளை அதிகம் நம்பியிருக்கிறவர்களில் பெரும்பகுதிக்கு இங்கே ஓட்டே கிடையாது.

அதில் முக்கியமானவர்கள் ஜிப்மருக்கு வருகிறவர்கள். விழுப்புரத்திலிருந்து, கடலூரிலிருந்து, திருவண்ணாமலையிலிருந்து. டெம்போவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், நாற்பது வயது இருக்கும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோரிமேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். “மாசம் ஒருவாட்டி வர்றோம் சார். ஊர்லேர்ந்து இந்திரா காந்தி சிலை வரைக்கும் தூங்கிட்டே வந்துடுது இது. அங்கேர்ந்துதான் பிரச்சனையே. ஓபி டோக்கன் முடிஞ்சிடுமோன்னு வயித்துல புளியக் கரைக்கும்” என்றார். இந்திரா காந்தி சிலையிலிருந்து ராஜீவ் காந்தி சிலை வரைக்குமான அந்தத் துண்டைப் பற்றித்தான் சொல்கிறார். விழுப்புரம் சாலை, நூறடிச் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை எல்லாம் வந்து முட்டிக்கொள்ளும் இடம். அவரிடம் போய்த் தாழ்வாரத்தின் அழகைப் பற்றி நான் பேச முடியுமா?

அந்தத் துண்டுக்குத்தான் 2025 அக்டோபரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி உயர்மட்டச் சாலைக்கு அடிக்கல் நாட்டினார். ஏறக்குறைய 4 கிலோமீட்டர், 436 கோடி ரூபாய். ஊருக்குள் வேலையில்லாமல் சென்னையிலிருந்து கடலூர் பக்கம் போகும் வண்டி மேலே பறந்துவிடும், கீழே மூச்சு விட இடம் கிடைக்கும் என்பது வாதம். நியாயமான வாதம்தான். சிலைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் கேட்டேன். “மேல போறவன் எறங்கி வந்து டீ குடிப்பானா தம்பி? கட்டி முடிக்கிற வரைக்கும் தூசி எனக்கு, முடிச்சப்புறம் நெழல் எனக்கு, வியாபாரம் மட்டும் எவனுக்கோ” என்றார். இதுவும் நியாயம்தான். வழக்கமாக இந்த இடத்தில் கட்டுரையாளர்கள் ‘இரண்டு தரப்பையும் சமநிலைப்படுத்த வேண்டும்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்தச் சமநிலை என்ற சொல்லின்மேல்தான் சந்தேகம். தராசு என்றால் படிக்கல் வேண்டும். படிக்கல்லில் கார் படம் போட்டிருந்தால் எந்தத் தட்டு இறங்கும்?

டெம்போவில் வந்தவரை மறுபடி பார்ப்போம். திட்ட அறிக்கையில் அவர் ‘முழு நகரத் தேவை’. ஆனால் உயர்மட்டச் சாலையில் அவர் போகப்போவதில்லை. சிலையருகே பேருந்தை விட்டு இறங்கி, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, சாலையைக் கடந்து, டெம்போ பிடிக்கப்போகிறார். இறங்கிய நொடியில் அவர் உள்ளூர்க்காரர். டீக்கடை அக்காவுக்கு வாடிக்கையாளரும் அவர்தான். பேருந்தில் போகும் எல்லோருக்கும் பயணத்தின் இரண்டு முனையும் நடைதான். மேலே பறக்கிறவருக்காக எழுதப்பட்ட நியாயத்தை இவர் பெயரில் கணக்கு வைக்கிறார்கள்.

உள்ளூர் என்ற சொல்லுக்கும் இதே சோதனை வேண்டும். கடற்கரைச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்குத் தடை. இந்த ஊரில் எனக்கு மிகப் பிடித்த அரசாங்க முடிவு எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். குழந்தை நடுரோட்டில் உட்கார்ந்து பஞ்சுமிட்டாய் தின்கிறது, யாரும் ஹாரன் அடிப்பதில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அதற்கு ஒரு தெரு உள்ளே, துமா வீதியில் நின்று பாருங்கள். வெளியூர் கார் ஒவ்வொன்றும் நிறுத்த இடம் தேடிக் கட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அங்கே குடியிருப்பவர்களின் புலம்பல் பத்திரிகையில் வரும், அதிகாரியின் காதுக்கும் போகும். ஏனென்றால் அது கால்வாய்க்குக் கிழக்கே. கவர்னர் மாளிகை, தூதரகம், ஆசிரமம், பெரிய ஓட்டல்கள் இருக்கிற பக்கம். அதே இரைச்சலை வருடம் முழுக்க, எந்த வேளையிலும், நெல்லித்தோப்பு தாங்கிக்கொண்டிருக்கிறது. நெல்லித்தோப்புக்காரர் புலம்பினால் அதற்குப் பெயர் உள்ளூர்த் தேவை இல்லை, வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை.

பழைய தெருக்களைப் பற்றி உருகும்போதும் இதை மறக்கக் கூடாது. கால்வாய்க்கு மேற்கே தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தவை. செட்டித் தெருவுக்கும் கோமுட்டித் தெருவுக்கும் பெயர் சும்மா வரவில்லை. தாழ்வாரத்து நிழல் எல்லோருக்கும் என்று மேலே எழுதினேன். எந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்பதை ஓடு தீர்மானிக்கவில்லை. வீதிகளை வைத்துக்கொண்டு ‘நம்ம தெரு’ என்று பேசுவதில் எப்போதும் கொஞ்சம் விஷம் உண்டு. அந்நியன் வரக் கூடாது என்பதைத்தான் சில நேரம் ‘நடைபாதைப் பண்பாடு’ என்று மொழிபெயர்க்கிறோம்.

அப்படியானால் இரண்டையும் ஒரே தெருவில் வைக்க முடியாதா? ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிக்கு வாருங்கள். ஆறு நாள் வண்டி போகும் சாலை, ஏழாவது நாள் சந்தை. சட்டை, செருப்பு, சீப்பு, பழைய சார்ஜர், பிளாஸ்டிக் வாளி. நடைபாதையும் சாலையும் ஒன்றாகிவிடும். வாங்க வருகிறவர்கள் ஊர் முழுவதிலிருந்தும், எல்லைக்கு வெளியிலிருந்தும் வருகிறார்கள், ஆகவே இது உள்ளூர்த் தேவை மட்டும் கிடையாது. அன்றைக்குக் கார்களெல்லாம் எங்கே போகின்றன? வேறு வழியில் போகின்றன. ஊர் நின்றுவிடவில்லை. எங்கள் துறையில் ஒரே கணினியைப் பல பயனர்கள் நேரம் பிரித்துப் பயன்படுத்துவதைப் பற்றிப் பாடமே உண்டு. அந்தப் பாடத்துக்கு காந்தி வீதியைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. கடற்கரைச் சாலையும் அதே தத்துவம்தான், அளவு மட்டும் வேறு. ஆனால் நேரத்தைப் பிரிக்கலாம் என்ற யோசனை கான்கிரீட்டில் வராது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மடித்துவைக்கக்கூடிய தூண் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

கணக்கை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி ஒரு பாடம். 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பேருந்துக்கென்று நடுவில் தனித் தடம் ஒதுக்கினார்கள். கார்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். பக்கத்தில் காலியாக ஒரு தடம் தெரிகிறது, நாங்கள் வரிசையில் நிற்கிறோம் என்று. வழக்கு போனது. 2012இல் டெல்லி உயர்நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்தது. வண்டிகளை நகர்த்துவது வேறு, மனிதர்களை நகர்த்துவது வேறு என்பதுதான் அந்த வழக்கின் சாரம். 2006இலேயே தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை இதைச் சொல்லியிருந்தது. கொள்கை ஜெயித்தது, கோர்ட்டில் ஜெயித்தது, 2016இல் அந்தத் தடத்தை உடைத்தெறிந்துவிட்டார்கள். கார்க்காரர் கண்ணுக்கு அது கடைசி வரை காலித் தடமாகத்தான் தெரிந்தது. சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பேருந்து ஐம்பது அறுபது பேரோடு கடந்துபோனதை அவர் ஒரு வண்டி என்று எண்ணினார்.

சென்னையில் 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கிச் சாலையைக் குறுக்கினார்கள். (அந்தப் பாண்டிக்கும் நம் பாண்டிக்கும் சம்பந்தமில்லை, அது சௌந்தரபாண்டியனார் பெயர்.) அந்த மாதிரி இங்கே நேரு வீதியில் செய்யலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டுவது பற்றிப் பேச்சு எழுந்தபோது வியாபாரிகள் எப்படிக் கொந்தளித்தார்கள் என்பதைப் பார்த்த ஊர் இது. அவர்கள் பயம் வீண்பயம் என்று சொல்ல மாட்டேன். தற்காலிகமாக வேறு இடம் என்றால் தற்காலிகம் எவ்வளவு காலம் என்பது இந்த ஊரில் எவருக்கும் தெரியாத கணக்கு. நேரு வீதியை நடப்பவர்களுக்கு மாற்றுவதென்றால் மார்க்கெட்டுக்குச் சரக்கு எப்போது, எந்தப் பக்கமாக வரும் என்பதைக் கைவண்டி இழுப்பவரோடு உட்கார்ந்து முதலில் தீர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு கிரானைட் பதித்தால் சுற்றுலாப் பயணிக்குப் படம் எடுக்க உதவும், அவ்வளவுதான்.

உயர்மட்டச் சாலையை எதிர்த்து நான் எழுதவில்லை. வரட்டும். எனக்கு வேண்டியது அதன் கீழே என்ன வரப்போகிறது என்ற வரைபடம். மேலே எத்தனை கார் அலகு போகும் என்ற கணக்கு அறிக்கையில் நிச்சயம் இருக்கும். கீழே சாலையைக் கடப்பதற்கு எத்தனை நொடி என்ற கணக்கும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். நானே போட்டுப் பார்த்தேன். சாலை அகலம் 100 அடி என்று வைத்துக்கொண்டால் 30 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கிற ஆளுக்கு 25 நொடி போதும். முட்டி வலிக்கிற, ஜிப்மருக்குப் போகிற ஒரு அம்மா நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் 37.5 நொடி. பச்சை 25 நொடியில் முடிந்துவிட்டால் அவர் 20 மீட்டரில் நிற்பார், சாலையில் பாதியைத் தாண்டி, தூணுக்கு அந்தப் பக்கம், கையில் ஸ்கேன் கவரோடு. தூணை ஒட்டி அவர் பின்வாங்கி நிற்க நடுத்திட்டு எத்தனை மீட்டர் விட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கப்போகிறேன்.